8 மணி நேர ஏற்றம்... 1 மணி நேர சறுக்கல்! பனிமலையிலிருந்து தனி ஆளாக ஸ்னோபோர்டில் இறங்குவது எப்படி?

ராத்திரி தூக்கம் வராமல் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது, இப்படி ஒரு வீடியோ கண்டிப்பாக உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஹெல்மெட்டில் மாட்டிய கேமரா. கீழே மேகம். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. ஒரு ஆள், ஒரு ஸ்னோபோர்டு, வேறு யாருமே இல்லை. `சர்ர்ர்...'ரென்று சறுக்கி, 30 செகண்டில் வீடியோ முடிந்துவிடும். நாமும் ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம்.

ஆனால், அந்த 30 செகண்டுக்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? அந்த ஆள் நள்ளிரவில் எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, போர்டை முதுகில் சுமந்து ஏழெட்டு மணி நேரம் நடந்திருப்பார். அங்கே லிஃப்ட் கிடையாது, ரோப் கார் கிடையாது. அதைவிட முக்கியம், `இப்போ இறங்கலாமா, வேண்டாமா' என்று கேட்டுக்கொள்ளப் பக்கத்தில் ஒரு ஆள்கூட கிடையாது.

`இதெல்லாம் சும்மா கெத்துக்காகப் பண்றது' என்று நினைத்தால், பாதிதான் உண்மை. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு ஒரு மணி நேரம் பிசகினாலும் உயிருக்கே ஆபத்து. அது என்ன கணக்கு? வாங்க, ஒரு மலையை வைத்தே பார்த்துவிடுவோம்.

எந்த மலை?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கிறது மவுன்ட் ஷாஸ்டா. உயரம் 4,322 மீட்டர். இது ஓர் எரிமலை. வசந்த காலத்தில் பனிச்சறுக்குக்காக மலையேறுபவர்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று.

இங்கே பிரபலமான பாதையின் பெயர் அவலாஞ்ச் கல்ச். அவலாஞ்ச் என்றால் பனிச்சரிவு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்குல்ல? 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பன்னி ஃப்ளாட் என்ற இடம் வரைக்கும் காரில் போகலாம். அங்கிருந்து உச்சி வரை கிட்டத்தட்ட 2,200 மீட்டர் செங்குத்து உயரத்தை நடந்தே ஏற வேண்டும். நடுவில் 3,180 மீட்டர் உயரத்தில் லேக் ஹெலன். பெயர்தான் ஏரி, வருடத்தின் பெரும்பகுதி பனிக்குள் புதைந்தே இருக்கும். பலர் இங்கே கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அதற்கு மேலேதான் உண்மையான ஏற்றம். ரெட் பேங்க்ஸ் என்ற செந்நிறப் பாறை வரிசையை நோக்கிப் போகும் அந்தச் சரிவு, செங்குத்தான இடங்களில் சுமார் 35 டிகிரி இருக்கும்.

35 டிகிரி என்றால் எவ்வளவு? உங்கள் வீட்டு மாடிப்படியின் சாய்வை நினைத்துக்கொள்ளுங்கள். படிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மேலே ஐஸைப் பூசி, அதைப் பல நூறு மீட்டருக்கு நீட்டினால் எப்படி இருக்கும்? அதுதான்.

ரெட் பேங்க்ஸைத் தாண்டினால் இன்னொரு மேடு வரும். அதன் பெயர் மிசரி ஹில், அதாவது `துயர மேடு'. உச்சி வந்துவிட்டது என்று நினைத்து ஏறி வருபவர்களுக்கு, `இன்னும் இருக்கு தம்பி' என்று சொல்லும் மேடு. பெயர் வைத்தவர் கண்டிப்பாக ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருப்பார்!

குளிர்காலத்தில் போகாமல் ஏன் வசந்த காலத்தில்?

`பனியில் சறுக்கணும்னா டிசம்பர், ஜனவரியில்தானே போகணும்? ஏன் ஏப்ரல், மே, ஜூன்?' நியாயமான கேள்வி.

குளிர்காலத்தில் அடுத்தடுத்து புயல் வரும். ஒவ்வொரு புயலும் புதிதாக ஒரு பனி அடுக்கைப் போட்டுவிட்டுப் போகும. அடுக்குக்கு அடுக்கு சரியாக ஒட்டாமல் இருந்தால், ஒரு மனிதனின் எடையே போதும், மேல் அடுக்கு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு கீழே வரும். வசந்தம் வரும்போது இந்த அடுக்குகள் மெதுவாக இறுகி ஒன்றோடு ஒன்று பிணைந்துவிடும். பகல் பொழுதும் நீளமாகக் கிடைக்கும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதன் பெயர் `கார்ன் ஸ்னோ'.

பகலில் வெயில் அடித்து மேல்பனி உருகும். ராத்திரி மறுபடி உறையும். மறுநாள் மறுபடி உருகும். இப்படி பல நாள்கள் மாறி மாறி நடந்தால், நட்சத்திர வடிவில் விழுந்த பனித்துகள்கள் எல்லாம் முனை மழுங்கி, உருண்டை உருண்டையாக மாறும். பார்ப்பதற்கு ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி இருக்கும். விடியற்காலையில் இந்த உருண்டைகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி கான்கிரீட் மாதிரி கெட்டியாக இருக்கும். வெயில் ஏற ஏற, மேலே உள்ள இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும். அடியில் கெட்டி, மேலே மெத்து. போர்டு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போகும்.

இந்தப் பதம் சரிவின் ஓர் இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் இருக்கும். சீக்கிரமாக இறங்கினால் சுத்தமான ஐஸ். லேட்டாக இறங்கினால் முழங்கால் வரை புதையும் கூழ். பணியாரம் சுடுவது மாதிரிதான். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கணும்.

வானத்தைப் பார்த்து கணக்கு போடணும்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேகம் இல்லாத இரவுக்கு அடுத்த நாள் காலையில்தான் புல்வெளி எல்லாம் வெள்ளையாக உறைபனி படர்ந்திருக்கும். மேகம் இருந்தால் உறைபனி குறைவு. காரணம், மேகம் ஒரு போர்வை மாதிரி நிலத்தின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

பனிமலையிலும் அதே விதிதான். இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி நன்றாக உறையும். மேகமூட்டமாக இருந்தால் சரியாக உறையாது. சரியாக உறையாத பனியில் வெயிலும் சேர்ந்தால், அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கி, ஈரப் பனிச்சரிவு உண்டாகும். பார்க்க மெதுவாகத் தெரிந்தாலும், சிமென்ட் கலவை மாதிரி கனமானது. மாட்டினால் கை கால் அசைக்க முடியாது.

சூரியன் எந்தப் பக்கம் முதலில் படுகிறது என்பதும் கணக்கில் வரும். கிழக்குப் பக்கச் சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, கடைசியில் மேற்கு. அதனால் அனுபவசாலிகள் `எத்தனை மணிக்கு ஏறணும்' என்று யோசிப்பதில்லை. `எத்தனை மணிக்கு அந்தச் சரிவு பதமாக இருக்கும்' என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கு போடுவார்கள். 11 மணிக்கு இறங்கணும் என்றால், 10 மணிக்கு உச்சியில் இருக்கணும். அப்படியென்றால் அதிகாலை 2 மணிக்குக் கிளம்பணும். நள்ளிரவு அலாரத்தின் ரகசியம் இதுதான்.

கிளம்பும்போது பனி கெட்டியாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ரெட் பேங்க்ஸ் பாறைகளை ராத்திரி முழுக்க ஐஸ்தான் பிடித்து வைத்திருக்கும். வெயில் பட்டதும் அந்தப் பிடி தளரும். கற்கள் உருண்டு வர ஆரம்பிக்கும். ஏறிக்கொண்டிருக்கும்போது அதற்குக் கீழே நிற்கக் கூடாது.

முதுகில் என்னென்ன இருக்கும்?

ஸ்னோபோர்டின் கதையே ஒரு வீட்டு விளையாட்டில்தான் தொடங்கியது. 1965-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். `ஸ்னர்ஃபர்' என்று அதற்குப் பெயர். அந்தப் பொம்மைதான் வளர்ந்து, 1998-ல் ஜப்பானின் நாகானோவில் ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆனது.

மலையேறுபவர்கள் பயன்படுத்துவது `ஸ்பிளிட்போர்டு'. போர்டு நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். ஏறும்போது இரண்டு கட்டைகளாகக் காலில் மாட்டிக்கொள்ளலாம். அடியில் `ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொண்டால், முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. பூனையை வால் பக்கமாகத் தடவுவதற்கும் தலைப் பக்கமாகத் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். உச்சிக்குப் போனதும் இரண்டையும் சேர்த்து ஒரே போர்டாக்கி இறங்க வேண்டியதுதான்.

சரிவு செங்குத்தாகும் இடத்தில் ஸ்கின்னும் பிடிக்காது. பூட்ஸுக்கு அடியில் `கிராம்பான்' என்ற இரும்பு முள் சட்டத்தை மாட்டி, கையில் ஐஸ் ஆக்ஸ் பிடித்து, போர்டை முதுகில் கட்டிக்கொண்டு ஒவ்வோர் அடியாக ஏற வேண்டும். போர்டும் அதன் பிடிமானமும் சேர்ந்தே நாலைந்து கிலோ வரும். தண்ணீர், சாப்பாடு, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் தனி.

சன்ஸ்கிரீனையும் கூலிங் கிளாஸையும் ஸ்டைல் என்று நினைத்துவிடாதீர்கள். உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர்களின் வீரியம் சுமார் 10 சதவிகிதம் கூடுகிறது. புதுப் பனி அதில் 80 சதவிகிதம் வரை திருப்பி அனுப்பும். அதாவது வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். மூக்குத் துவாரத்துக்குள்ளேயும் தாடைக்கு அடியிலும் தோல் வெந்துபோகும். கண்ணாடி இல்லாமல் இருந்தால், சில மணி நேரத்தில் கண்ணில் மணல் விழுந்த மாதிரி எரிச்சல் தொடங்கி, தற்காலிகமாகப் பார்வையே போய்விடும். தனி ஆளாகப் போனவருக்குப் பார்வை போனால் என்ன ஆகும்?

கூடவே காற்று. 4,300 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தைவிட சுமார் 40 சதவிகிதம் குறைவு. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் `இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று சமாளிக்கக் கூடாது. நம்பகமான வைத்தியம் கீழே இறங்குவதுதான்.

விழுந்தால் 3 செகண்ட்தான்!

இங்கே விழுவது என்றால் எப்படி என்று புரிந்துகொள்ளுங்கள். 35 டிகிரி ஐஸ் சரிவில் வழுக்கினால், மூன்றே செகண்டில் மணிக்கு 50 கி.மீ வேகம் வந்துவிடும். ஐஸ் ஆக்ஸின் கூர்முனையைப் பனியில் குத்தி, உடம்பு எடை முழுக்க அதன்மேல் போட்டு நிறுத்த வேண்டும். முதல் ஓரிரு செகண்டில் செய்தால் உண்டு. அப்புறம் கையிலிருந்து ஆக்ஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

2022 ஜூன் 6-ம் தேதி ஷாஸ்டாவில் சரிவு முழுக்க கண்ணாடி மாதிரி ஐஸ் பிடித்திருந்தது. அன்று அடுத்தடுத்து நடந்த விபத்துகளில் ஓர் அனுபவமிக்க வழிகாட்டி உயிரிழந்தார். அவருடன் ஏறியவர்கள் உட்பட மேலும் சிலர் காயமடைந்து, ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டார்கள். மலையைத் தொழிலாகவே தெரிந்துவைத்திருந்தவருக்கும் அன்று ஐஸ் சலுகை காட்டவில்லை.

வானிலையும் அப்படித்தான். 1875-ம் ஆண்டு ஏப்ரல் 30, அதே வசந்த காலம். இயற்கையியலாளர் ஜான் மியூர், ஜெரோம் ஃபே என்பவருடன் காற்றழுத்தத்தை அளப்பதற்காக ஷாஸ்டா உச்சிக்குப் போனார். திடீரென்று பனிப்புயல் பிடித்துக்கொண்டது. இறங்க வழியில்லை. உச்சிக்குப் பக்கத்தில் எரிமலைச் சூட்டில் கொதிக்கும் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. இரவு முழுக்க இரண்டு பேரும் அதன் சேற்றில் படுத்துக் கிடந்தார்கள். கீழ்ப்பக்கம் வேகிறது, மேல்பக்கம் உறைகிறது. திரும்பித் திரும்பிப் படுத்தே உயிர் பிழைத்தார்கள். அன்று இரண்டு பேர் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அப்போ தனியாகப் போவது ஏன்?

தனியாகப் போனால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். தன் வேகத்தில் ஏறலாம். தன் மனது சொல்வதை மட்டும் கேட்கலாம். அந்த அமைதி ஒரு போதை என்று சொல்பவர்கள் உண்டு. புல்லட்டில் தனியாக லடாக் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள்.

ஆனால், பனிமலையில் தனிமைக்கு ஒரு விலை இருக்கிறது. பனிச்சறுக்கு வீரர்கள் உடம்பில் `பீக்கன்' என்ற கருவியைக் கட்டியிருப்பார்கள். பனிச்சரிவில் புதைந்தால், அதன் சிக்னலைப் பிடித்து நண்பர்கள் தோண்டி எடுக்கலாம். முதல் 10, 15 நிமிடங்களுக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்கு மேல் வாய்ப்பு வேகமாகச் சரியும். தனியாகப் போனவரிடம் பீக்கன் இருந்தும் என்ன பயன்? தேட ஆள் வேண்டுமே!

இதனால்தான் ஷாஸ்டாவைவிடச் சற்றே உயரமான மவுன்ட் ரெய்னியரில், தனியாக மேல்பகுதிக்கு ஏற வேண்டும் என்றால் தேசியப் பூங்கா நிர்வாகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். முன் அனுபவம் எல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் பரிசீலிப்பார்கள்.

இரண்டாவது விலை இன்னும் பெரியது. நம்மைத் தடுக்க ஆள் இருக்காது. எட்டு மணி நேரம் கஷ்டப்பட்டு ஏறிய பிறகு, `வேண்டாம், திரும்பிடலாம்' என்று நம் மூளை நமக்கே சொல்லாது. அதுவும் ஆக்சிஜன் குறைந்த மூளை!

மார்கோ சிஃப்ரெடியின் கதை இதைப் புரியவைக்கும். பிரான்ஸின் ஷாமொனியைச் சேர்ந்தவர். 2001-ம் ஆண்டு மே 22 அவருக்கு 22-வது பிறந்தநாள். அடுத்த நாளே எவரெஸ்ட் உச்சியிலிருந்து ஸ்னோபோர்டில் இறங்கத் தொடங்கினார். நார்ட்டன் கூலுவார் என்ற பனிப்பள்ளம் வழியாகப் பாதை. கடும் குளிரில் போர்டின் பிடிமானம் உடைந்தது. கூட வந்த ஷெர்பா கம்பி வைத்துக் கட்டிக் கொடுத்தார். மார்கோ வெற்றிகரமாகக் கீழே இறங்கினார். அந்தக் கம்பியும், அதைக் கட்டிய கையும் இல்லையென்றால்?

ஆனால், அவர் மனதில் இருந்தது ஹார்ன்பைன் கூலுவார் என்ற இன்னும் செங்குத்தான பாதை. 2002 செப்டம்பரில் மறுபடி எவரெஸ்ட் போனார். இந்த முறை மழைக்காலத்துக்குப் பிறகு, ஆழமான புதுப்பனி. 12 மணி நேரத்துக்கும் மேல் போராடி, செப்டம்பர் 8 மதியம் 2 மணிக்கு மேல்தான் உச்சியைத் தொட்டார். களைத்துப்போயிருந்தார். கூட வந்த ஷெர்பாக்கள் ஏறிய வழியிலேயே இறங்க, மார்கோ 3 மணி அளவில் தனியாக ஹார்ன்பைன் பக்கம் போர்டைத் திருப்பினார். அதற்குப் பிறகு அவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அவருக்கு வயது 23.

அவருக்குத் திறமை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. நேரம் தாண்டியிருந்தது, பனி மாறியிருந்தது, உடம்பு களைத்திருந்தது. கணக்கின் மூன்று பக்கமும் `வேண்டாம்' என்ற நாளில், கனவு மட்டும் `போ' என்றது.

தனியாகப் போகிறவர்கள் பின்பற்றும் 5 விஷயங்கள்

1. திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவு செய்வார்கள். ஷாஸ்டாவில் பலர் சொல்வது மதியம் 12 மணி. உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்பிவிட வேண்டும். மேலே போய் முடிவை மாற்றக் கூடாது.

2. வீட்டில் ஒருவரிடம் பாதை, கிளம்பும் நேரம், `இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் மீட்புக்குழுவைக் கூப்பிடு' என்பது வரை எழுதிக் கொடுப்பார்கள்.

3. அந்தப் பகுதியின் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிப்பார்கள். ஷாஸ்டாவுக்கென்றே பனிச்சரிவு மையம் ஒன்று இருக்கிறது. முந்தைய இரவு பனி உறைந்ததா என்பதைக் காலையில் பூட்ஸால் மிதித்தே சோதிப்பார்கள்.

4. இறங்கப் போகும் சரிவிலேயே ஏறுவார்கள். எங்கே ஐஸ், எங்கே பாறை, எங்கே பள்ளம் என்று காலே குறிப்பெடுத்துக்கொள்ளும்.

5. போனை ஜாக்கெட்டுக்குள், உடம்போடு ஒட்டி வைப்பார்கள். குளிரில் 60 சதவிகித பேட்டரிகூட திடீரென்று செத்துப்போகும். சிக்னல் இல்லாத இடத்துக்கு சாட்டிலைட் மெசேஜர் தனியாக இருக்கும்.

ஐந்தாவதைப் படித்துவிட்டு, `ஆன்லைனில் ஒரு சாட்டிலைட் கருவி வாங்கி இமயமலை ட்ரெக்குக்கு எடுத்துட்டுப் போவோம்' என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் மெசேஜரோ வைத்திருப்பது சட்டவிரோதம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே சிக்கியிருக்கிறார்கள்.

நமக்கும் ஆசை வந்தால்?

தாராளமாக வரட்டும். காஷ்மீரின் குல்மார்கில் கோண்டோலா மூலமாக 3,900 மீட்டருக்கும் மேல் போகலாம். உத்தராகண்டில் ஔலி இருக்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சீசன். குல்மார்கில் மத்திய சுற்றுலாத் துறையின் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. முதல் இரண்டு நாள் எழுவதைவிட விழுவதுதான் அதிகமாக இருக்கும். மணிக்கட்டைக் காப்பாற்ற கார்டு போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் கையை ஊன்றி விழுந்து அதிகம் அடிபடுவது அங்கேதான். தனியாக, லிஃப்ட் இல்லாத மலையில் இறங்குவது என்பது பல சீசன்கள் கழித்து யோசிக்க வேண்டிய விஷயம்.

அடுத்த முறை அந்த மாதிரி வீடியோ வந்தால் ஹார்ட் போடுங்கள், தப்பில்லை. ஆனால், நமக்கு வராத வீடியோக்களும் உண்டு. அதிகாலை 2 மணிக்குக் கிளம்பி, ஆறு மணி நேரம் ஏறி, ரெட் பேங்க்ஸுக்குக் கீழே நின்று வாட்ச்சைப் பார்த்து, பனியைக் குத்திப் பார்த்து, `இன்னிக்கு சரிவராது' என்று போர்டை முதுகிலேயே சுமந்துகொண்டு நடந்து இறங்கிய ஆள்களின் வீடியோக்கள். அதை யாரும் அப்லோடு செய்வதில்லை. ஆனால், மலை அங்கேயேதான் இருக்கும், அடுத்த சீசனில் மறுபடி ஏறிப் பார்க்க அவர்களும் இருப்பார்கள்.